பழைய டாப்பெட்டோடு புது கேம்ஷாஃப்ட் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இன்னும் அம்பாசடரை விடாமல் ஓட்டுகிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் அதில் ஒருவர், இன்ஜின் வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட்டை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு, அதன் மேல் உரசி ஓடும் பழைய டாப்பெட்டுகளையே வைத்துச் செலவை மிச்சம் பிடித்ததாகச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள், நான் பட்டுவிட்டேன்.

என்னுடையது 1489 சிசி பெட்ரோல் வண்டி. இன்ஜினை இறக்கிப் புது கேம்ஷாஃப்ட் போட்டபோது, எட்டு டாப்பெட்டையும் மண்ணெண்ணெயில் கழுவி அப்படியே திரும்ப உள்ளே விட்டார் மெக்கானிக், நானும் பக்கத்தில் நின்று டீ குடித்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான்காவது மாதம் டக் டக் என்று சத்தம். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியை, அதாவது வால்வு கேப்பைச் சரிசெய்தால் பத்து நாள் அடங்கும், அப்புறம் பழைய கதைதான். மறுபடி பிரித்தால், கேம்ஷாஃப்ட்டில் டாப்பெட்டைத் தூக்கிவிடும் மேடுகளான லோபுகளில் ஒன்றின் மூக்கே மழுங்கிப்போயிருந்தது, அதற்கு மேல் ஓடிய டாப்பெட்டின் அடியில் நகத்தை வைத்தால் குழி தட்டுப்பட்டது.

டாப்பெட் மேலும் கீழும் போவதோடு தன்னைத்தானே சுற்றவும் வேண்டும். பழைய கேமோடு தேய்ந்து குழிவிழுந்தது புது கேமில் சரியாகச் சுற்றாது, ஒரே இடத்தில் உரசி இரண்டும் கெடும்.

இன்னொன்று, முதல் ஸ்டார்ட். லோபுகளுக்கு ஆயில் பெரும்பாலும் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் சுற்றும்போது தெறித்துத்தான் வருகிறது, ஆக்ஸிலேட்டர் கொடுக்காத ஐடிலிங்கில் அது போதாது. அதனால் லோபுகளில், முதல் ஓட்டத்தில் உரசலைத் தடுக்கும் அசெம்ப்ளி பேஸ்ட் தடவி, ரேடியேட்டரில் தண்ணீர், கார்புரேட்டரில் பெட்ரோல் எல்லாம் முதலிலேயே நிரப்பி, ஸ்டார்ட் ஆனவுடன் 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றி 20 நிமிடம் கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். இரண்டாவது தடவை நான் அப்படித்தான் ஆக்ஸிலேட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பட்டறையில் எல்லோரும் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார்கள். ஆயிலும் முக்கியம்: இப்போதைய கார்களுக்கு வரும் மெல்லிய ஆயில்களில் துத்தநாகச் சேர்மானத்தைக் குறைத்துவிட்டார்கள், இந்த மாதிரி டாப்பெட்டுக்கு அதுதான் கவசம்.

கட்டுரையில் வந்தவர் வேலை பார்த்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம். அவர் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்து எட்டு வால்வையும் பார்க்கட்டும், ஒன்றில் மட்டும் கேப் கூடியிருந்தால் உடனே பிரித்துவிடுவது நல்லது. சத்தம் வருவதற்குள் இந்தக் கடிதம் அவர் கண்ணில் படும்படி போட்டுவிடுங்கள்.

ஒரு அம்பாசடர்காரன்,
ஈரோடு