அறிவிப்பு வெளியானது, ஆனால் யாருக்குத் தெரிந்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "கீழே படத்தில் உள்ளவர் இன்று முதல் எங்கள் நிறுவனத்தின் முகவர் அல்லர், அவருடன் வைத்துக்கொள்ளும் கொடுக்கல் வாங்கலுக்கு நிறுவனம் பொறுப்பல்ல" என்ற வாசகத்துடன் தங்கள் நாளிதழில் கட்டம் கட்டி வெளியாகும் அறிவிப்புகளை நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படி ஓர் அறிவிப்பைக் கொடுத்து, வெளியான பக்கத்தைக் கத்தரித்துக் கோப்பில் வைத்துக்கொண்டு, என் பொறுப்பு அன்றோடு தீர்ந்தது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை விளக்கவே இக்கடிதம்.

முகவர் பற்றிய சட்டம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 182 முதல் 238 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. முகவரை வைத்துக்கொள்பவரைச் சட்ட நூல்கள் 'முதல்வர்' என்கின்றன. நாளிதழ் வாசகர்களுக்கு அச்சொல் வேறு ஒருவரை நினைவூட்டும் என்பதால் 'நியமித்தவர்' என்றே எழுதுகிறேன். அந்தப் பிரிவுகளில் 208-ஆவதுதான் இங்கே முக்கியம். முகவரின் அதிகாரம் விலக்கப்பட்டால், அவ்விலக்கம் முகவரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரியவந்த பிறகும், மூன்றாம் நபர்களைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரியவந்த பிறகுமே செல்லுபடியாகும் என்கிறது அப்பிரிவு. நியமித்தவர் எந்தத் தேதியில் முடிவெடுத்தார், எந்தத் தேதியில் விளம்பரம் கொடுத்தார் என்பதை அது கேட்கவில்லை. எதிரில் இருப்பவருக்குத் தெரிந்ததா என்பதே கேள்வி.

இதற்குச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. சென்னையில் இருக்கும் ஒருவர், பம்பாயில் ஒரு கிடங்கில் கிடக்கும் தம் பஞ்சை விற்கும்படி முகவருக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு மனம் மாறி, விற்கும் அதிகாரத்தை விலக்கி, பஞ்சைச் சென்னைக்கு அனுப்பச் சொல்லி இரண்டாவது கடிதம் எழுதுகிறார். அதைப் படித்த பிறகும் முகவர் பஞ்சை விற்கிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. பணத்தை வாங்கிக்கொண்ட முகவர் தலைமறைவாகிவிடுகிறார். வாங்கியவர் கொடுத்த பணம் உரியவருக்கே கொடுத்ததாகக் கொள்ளப்படும் என்பதுதான் சட்டத்தின் முடிவு. அதாவது, அவரிடம் மறுபடியும் பணம் கேட்க முடியாது, நட்டம் பஞ்சுக்காரருக்கே. முகவர் ஏமாற்றினார் என்பதில் ஐயமில்லை, ஆனால் அந்த ஏமாற்றுக்காரரைத் தேடிப் பிடிக்கும் வேலை அவரை நியமித்தவருடையது.

எனக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. என் மொத்த வியாபாரத்தில் வெளியூர் வசூலைக் கவனித்து வந்த கமிஷன் ஏஜென்டை ஒரு மனத்தாங்கலின் பேரில் நிறுத்தினேன். மறுவாரமே நாளிதழில் அறிவிப்பும் கொடுத்தேன். அதற்கு ஒரு மாதம் கழித்து, பாக்கி வைத்திருந்த ஒரு கடைக்காரரிடம் பணம் கேட்கப் போனபோது, அவர் பேசாமல் மேசை இழுப்பறையைத் திறந்து மூன்று ரசீதுகளை எடுத்து என் முன் வைத்தார். நான் அந்த ஏஜென்டிடம் அச்சடித்துக் கொடுத்திருந்த ரசீதுகள். வரிசை எண்கூட விட்டுப்போகாமல் தொடர்ந்தது. மேலே என் கடையின் ரப்பர் ஸ்டாம்ப். "ஆறு வருஷமா இவர்கிட்டதானே கொடுக்குறேன்?" என்று அவர் கேட்டார். நான் அறிவிப்புக் கொடுத்த நாளிதழை அவர் வாங்குவதில்லை. வழக்குப் போடலாமா என்று கேட்கப் போன இடத்தில் என் வழக்கறிஞர் மேற்சொன்ன பிரிவைப் படித்துக் காட்டி, முதலில் அந்த ரசீதுப் புத்தகத்தை ஏன் திரும்ப வாங்கவில்லை என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்போது எனக்கு இச்சட்டம் அநியாயமாகப்பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. 237-ஆம் பிரிவு இதே நியாயத்தை வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது: அதிகாரம் இல்லாத ஒன்றை முகவர் செய்திருந்தாலும், அது அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று நியமித்தவர் தம் சொல்லாலோ நடத்தையாலோ மற்றவர்களை நம்பச் செய்திருந்தால், அச்செயல் நியமித்தவரைக் கட்டுப்படுத்தும். குறிப்பிட்ட விலைக்குக் கீழே விற்காதே என்று முகவரிடம் இரகசியமாகச் சொல்லி வைத்தால், அது தெரியாமல் குறைந்த விலைக்கு வாங்கியவரை அந்தக் கட்டளை தொடாது. கடைக்காரருக்கு முன்னால் ஆறு ஆண்டுகள் அந்த மனிதரை 'நம்ம ஆள்' என்று நிறுத்தியவன் நான். அந்தத் தோற்றத்தைக் கலைக்க வேண்டியவனும் நான்தான்.

பத்திரிகை அறிவிப்பே போதும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில், கூட்டாண்மைச் சட்டத்தோடு நேர்ந்த குழப்பமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தில், பங்குதாரர் விலகும்போது 'பொது அறிவிப்பு' என்ற தனி ஏற்பாடு உண்டு. பதிவு செய்த நிறுவனமானால் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும், நிறுவனத்தின் முதன்மை அலுவலகம் உள்ள மாவட்டத்தில் விற்பனையாகும் உள்ளூர் மொழிச் செய்தித்தாள் ஒன்றிலேனும் வெளியிட வேண்டும் என்று 72-ஆம் பிரிவு முறை வகுத்திருக்கிறது. முகவர் விஷயத்தில் அப்படி ஒரு முறை வகுக்கப்படவில்லை. பங்குதாரருக்கான மருந்தை முகவருக்கும் கொடுத்து வருகிறோம்.

அறிவிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் படித்தவர் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது; புதிதாக வருபவர்களுக்கும் அது ஓர் எச்சரிக்கை. ஆனால் ஏற்கெனவே அந்த முகவர் வழியாகக் கொடுக்கல் வாங்கல் செய்து வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விரைவுத் தபாலிலோ (ஸ்பீடு போஸ்ட்), படித்ததற்குப் பதில் வரும் வகையில் மின்னஞ்சலிலோ தெரிவிப்பதும், ரசீதுப் புத்தகம், லெட்டர்பேடு, ஸ்டாம்ப், அடையாள அட்டை ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொண்டு திரும்பப் பெறுவதும்தான் உண்மையான பாதுகாப்பு. முகவருக்கும் நியாயமான முன்னறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு என்று பேசி வைத்துவிட்டுத் தக்க காரணமின்றி நடுவில் நிறுத்தினால் இழப்பீடும் தர வேண்டிவரும்.

தங்கள் விளம்பரப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய அறிவிப்புகளை ஏற்கும்போது, அந்த முகவர் என்னென்ன வேலைகளுக்கு அதிகாரம் பெற்றிருந்தார், எந்தத் தேதி முதல் அது விலக்கப்பட்டது, அவர் வசம் இன்னும் திரும்பாத ரசீதுகளின் வரிசை எண்கள் யாவை என்ற மூன்று விவரங்களையும் விளம்பரதாரரிடம் கேட்டு வாங்கி வெளியிடலாம். புகைப்படத்தைவிட அந்த எண்கள்தான் மேசை இழுப்பறையில் ரசீது வைத்திருக்கும் கடைக்காரருக்கு உதவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகரான ஒரு மொத்த வியாபாரி