கோட்டுப் பையில் ஒரு புதிய ஏற்பாடு

அபர்டீன், ஸ்காட்லாந்து,
டிசம்பர் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துதல். நான் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன என்று விவரமாக எழுதுங்கள். போனில் கேட்டால் இரண்டு பேரும் "பரவாயில்லை" என்று முடித்துவிடுகிறீர்கள்.

போன வாரம் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோதே பஸ் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். சபையில் திடப்படுத்தல் ஆராதனை அன்று தந்த, சங்கீதமும் நீதிமொழிகளும் சேர்ந்த சின்னப் புதிய ஏற்பாட்டு வேதப் புத்தகத்தை இன்னும் கையோடு கொண்டுபோகிறாயா, அதனால் நர்ஸ் வேலைக்கு ஏதும் வம்பு வராதா என்று கேட்டீர்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதைப் படித்துப் பயந்திருக்கிறீர்கள் என்று புரிந்தது.

கொண்டுபோகிறேன் அப்பா, தினமும்தான். ஊரில் அது ஹேண்ட்பேகின் அடியில் சீப்போடும் சில்லறையோடும் கிடந்தது. நம் சுடிதாருக்குப் பை ஏது? இங்கே குளிர்கோட்டின் உள்பக்கம் ஒரு பை இருக்கிறது, அதில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. டிசம்பரில் இங்கே காலை எட்டே முக்காலுக்குத்தான் பொழுது விடியும், மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். பகல் ஷிஃப்ட் வந்தால் அன்றைக்குச் சூரியனைப் பார்க்க முடியாது. அந்த இருட்டில் பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் படிப்பேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த ஊரில் பஸ்ஸில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பதும் உண்மை.

போனில் முழு வேதாகமமும் இருக்கிறதே என்று தம்பி சொல்வான். இருக்கிறது. ஆனால் திறந்த உடனே ரோஸ்டர் மாறிவிட்டது என்று ஒரு செய்தி, சித்தியின் குட் மார்னிங் படம், பாங்க்கிலிருந்து ஒன்று. சங்கீதத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். புத்தகத்துக்கும் ஒரு குறை உண்டு. கையுறை போட்டுக்கொண்டு அந்த மெல்லிய தாளைத் திருப்ப முடியாது. ஒரு கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கும். அதனால் பெரும்பாலும் திறந்த பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் அன்றைய பாடம். கடலிலிருந்து 'ஹார்' என்று ஒரு மூடுபனி ஏறிவரும், அது கோட்டைத் தாண்டித் தாளை நமுத்துப்போக வைக்கிறது. ஃப்ரிட்ஜில் காய் வைக்கிற பிளாஸ்டிக் ஜிப் கவருக்குள் போட்டுத்தான் இப்போது கொண்டுபோகிறேன்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். புத்தகம் வார்டுக்குள் வராது. கோட்டோடு லாக்கரில் இருக்கும். யாரும் தடுத்து அல்ல. யூனிஃபார்மை வீட்டிலேயே சூடான தண்ணீரில் துவைக்கிறோம், முழங்கைக்குக் கீழே வாட்ச் கூடக் கட்டக் கூடாது என்று விதி, மார்பில்தான் குத்திக்கொள்கிறோம். துடைத்துச் சுத்தம் செய்ய முடியாத தாள் புத்தகத்தை ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்கு நான் ஏன் சுமந்துபோக வேண்டும்? மற்றபடி, மதத்தைக் காரணம் காட்டி வேலையில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 2010-ஆம் வருடத்துச் சமத்துவச் சட்டம் இங்கே இருக்கிறது. நர்ஸுகளுக்கான நடத்தை விதியும் சொந்த நம்பிக்கையைப் பொருத்தமில்லாத முறையில் வெளிப்படுத்தாதே என்றுதான் சொல்கிறது, வைத்திருக்காதே என்று சொல்லவில்லை. அந்த விதி எனக்குச் சரியாகத்தான் படுகிறது. ஊசி போட வருகிறவளுக்குப் பிரசங்கம் பண்ண வசதி அதிகம், நோயாளிக்கு எழுந்து போக வழி கிடையாது.

ஆனால் அவர்களே கேட்டால் வேறு. வடக்கே ஒரு மீன்பிடி ஊர்க்காரர் எங்கள் வார்டில் இருந்தார், பெயரும் ஊரும் சொல்லக் கூடாது. படகில் போன காலத்திலிருந்தே வைத்திருந்த சின்ன வேதாகமம் ஒன்று அவர் மேசையில் இருக்கும். பழைய ஏற்பாடும் சேர்த்து முழுசும் கையளவுதான். என்னுடையதில் பழைய ஏற்பாட்டிலிருந்து சங்கீதமும் நீதிமொழிகளும் மட்டும்தான். கண்புரையால் அவருக்கு எழுத்துத் தெரியவில்லை. ஒருநாள் ராத்திரி இருபத்துமூன்றாம் சங்கீதம் உனக்குத் தெரியுமா, உங்கள் பாஷையில் சொல் என்றார். புத்தகம் லாக்கரில். ஞாயிறு பள்ளியில் நீங்கள் ஒப்புவிக்க வைத்தது உதவியது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று தொடங்கி முழுசும் சொன்னேன். கேட்டுவிட்டு, "உங்களுடையது நீளம்" என்றார். அப்புறம் அவர் பாடினார். அதே சங்கீதம்தான், 1650-லிருந்து ஸ்காட்லாந்துச் சபைகளில் பாடுகிற செய்யுள் வடிவம், 'கிரிமண்ட்' என்கிற ராகத்தில். எலிசபெத் ராணியின் கல்யாணத்திலும் 2022-இல் அவர் அடக்க ஆராதனையிலும் பாடியது அதுதான்.

கிரிமண்ட் இங்கிருந்து வடக்கே ஒரு சின்னக் கிராமம். லீவு நாளில், என்னோடு வேலை பார்க்கிற கோட்டயத்துப் பெண்ணோடு போய்ப் பார்த்தேன். அந்தக் கோவில் கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 61 நிமிடக் கோடு! பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கடிகாரம் வேண்டாம் என்று சிரித்தோம்.

அம்மா என் புதிய ஏற்பாட்டைத் தலையணைக்கடியில் வைத்துப் படு என்கிறார்கள். நீங்களும் முன்பு குண்டைத் தடுத்த வேதப் புத்தகத்தின் கதை சொல்வீர்கள். முதல் உலகப் போரில் இந்த நாட்டுச் சிப்பாய்களுக்கு இதே மாதிரிச் சின்னப் புதிய ஏற்பாடுகளை லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். அது குண்டைத் தடுத்துப் பிழைத்தவர்களைவிட, பையில் அது இருந்தும் திரும்பாத பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள், அவர்கள் கதையை யார் சொல்வது? நான் தாயத்தாகக் கொண்டுபோகவில்லை, அப்பா. மூத்திரமும் இரத்தமும் முனகலுமாக ஒரு நாள் தொடங்குவதற்கு முன்னால், என் பாஷையில் நாலு வரி படிக்க வேண்டும். அவ்வளவுதான். அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இங்கே பழைய கோவில்கள் விலைக்குப் போகின்றன. யூனியன் ஸ்ட்ரீட்டில் ஒன்று மதுக்கடையாகிவிட்டது, வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன. மாதர் சங்கத்தில் இதைச் சொல்லி எல்லாரையும் அழவிட வேண்டாம். நான் போகிற சபையில் நைஜீரியாக்காரர்களும் மலையாளிகளுமாக இடம் நிறைகிறது.

ஒரு உதவி. சபைக்கு வருகிற மாணவர்களில் இரண்டு பேர் தமிழ்ப் பிள்ளைகள், என் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். அதே அளவில் இரண்டு வாங்கி, ஜனவரியில் வருகிற அத்தை மகனிடம் கொடுத்துவிடுங்கள். எழுத்துத் தெளிவாக இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்து வாங்குங்கள். அம்மா கூடவே கருப்பட்டியும் முறுக்கும் வைப்பார்கள், அவன் பெட்டி எடையைக் கேட்டுக்கொண்டு வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்