அடைப்பு என்றாலே ஸ்டென்ட்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஞ்சியோ எனும் இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனை நடக்கும் அறைக்கு வெளியே காத்திருக்கும் மகனை உள்ளே அழைத்து, கருப்பு வெள்ளைப் படத்தில் குறுகிய இடத்தைச் சுட்டிக்காட்டி, ‘அப்பாவுக்கு 80 சதவீத அடைப்பு, இப்போதே ஸ்டென்ட் (குழாயை விரித்துவைக்கும் சிறு வலைக்குழல்) வைத்துவிடலாமா?’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்ல எந்த மகனுக்குத் துணிவு வரும்? ரத்தக்குழாய் முழுவதும் அடைபட்டு வரும் மாரடைப்பில் இந்த அவசரம் உயிர் காக்கும்; வயது எண்பதைத் தாண்டியிருந்தாலும் தாமதிக்கக் கூடாது. நடந்தால் நெஞ்சு இறுகுவதும் நின்றால் தணிவதுமாகப் பல மாதங்களாக ஒரே நிலையில் இருப்பவர்களுக்கு அந்த அவசரம் இல்லை.

அத்தகையோர் 5,179 பேரிடம், இந்தியா உட்பட 37 நாடுகளில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில், தொடக்கத்திலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் (அடைப்பைத் தாண்டி மாற்று ரத்தப் பாதை அமைக்கும் அறுவை சிகிச்சை) என்று சென்றவர்களுக்கும் மருந்து மாத்திரையோடு தொடங்கியவர்களுக்கும் இடையே மரணத்திலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் நெஞ்சுவலி அடிக்கடி வந்தவர்களில், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் என்று சென்றவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. அதுவும் சிறிய பயனல்ல. மேலும், இதயத்துக்கு ரத்தம் தரும் இடது பிரதான தமனியில் அடைப்பு உள்ளவர்களும், இதயத்தின் பம்பிங் மிகவும் குறைந்தவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதால், அவர்களுக்கு இம்முடிவைப் பொருத்தக் கூடாது. சர்க்கரை நோயோடு பல குழாய்களில் அடைப்பு இருந்தால், அறுவை சிகிச்சையைத் தாங்கும் உடல்நிலை உள்ளவருக்கு ஸ்டென்ட்டைவிட பைபாஸே மேல் என்பதை 2012-இல் வெளியான ‘ஃப்ரீடம்’ ஆய்வு காட்டியது.

முதியோருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்டென்ட் வைத்த பின் ரத்தம் உறைவதைத் தடுக்க ஆஸ்பிரினுடன் குளோபிடோகிரெல் போன்ற மாத்திரையையும் பொதுவாகச் சில மாதங்களாவது விடாமல் சாப்பிட வேண்டும். வயிற்றுப் புண்ணோ அடிக்கடி தடுமாறி விழும் பழக்கமோ உள்ளவருக்கு ரத்தக்கசிவு அபாயம் இதனால் கூடுகிறது. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஆஞ்சியோவில் செலுத்தும் சாயமே சுமையாகலாம்.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயித்தது நல்ல காரியம்தான். ஆனால் விலை குறைந்ததால் தேவையா என்ற கேள்வி தீர்ந்துவிடாது. எனவே மாரடைப்பு அல்லாத நிலையில், ஆஞ்சியோ முடிந்ததும் நோயாளியை வார்டுக்கு அனுப்பி, மறுநாளோ மறுவாரமோ, மகனிடம் மட்டுமன்றி அந்த முதியவரிடமே, மருந்து, ஸ்டென்ட், பைபாஸ் மூன்றின் பலன்களையும் பாதகங்களையும் தமிழில் விளக்கிய பிறகே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று மருத்துவமனைகளுக்கு மாநில சுகாதாரத் துறை அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தஞ்சாவூர்