தோடு கழட்டின கதையோட நிறுத்திக்காதீங்க, ஒய்.பி.

மலேசிய நாடாளுமன்ற மேலவையான டேவான் நெகாராவுல இப்ப உக்காந்திருக்கிற நம்ம ஒய்.பி., அதாவது மாண்புமிகு, செனட்டர்மார் எல்லாருக்கும், ஆளுங்கட்சி எதிர்க்கட்சின்னு பாக்காம, வணக்கம்.

நான் கோலாலம்பூர் செந்தூல்காரன். கட்சி கார்டு கிடையாது, சங்கத்துல பதவி கிடையாது, தமிழ்ப்பள்ளியில பேச்சுப்போட்டி வந்தா அக்கம்பக்கத்து பிள்ளைங்களுக்கு உரை எழுதிக் கொடுப்பேன், அவ்ளோதான். ஜனவரி 23 நேதாஜி பிறந்தநாள், மார்ச்சுல மகளிர் தினம், இந்த ரெண்டுக்கும் பிள்ளைங்க கேட்டு வர்ற பேரு பெரும்பாலும் ஒண்ணுதான், புவான் ஸ்ரீ ஜானகி ஆதி நாகப்பன். பேரு சரிதான், அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா எல்லா உரையும் ஒரே எடத்துல போயி நின்னுடுது. கோலாலம்பூர் கூட்டத்துல நேதாஜி பேசினாரு, கேட்டுக்கிட்டிருந்த பொண்ணு காதுல கெடந்த தங்கத்தோட்ட கழட்டிக் கொடுத்துட்டா, படையில சேந்தா, ஜெய் ஹிந்த், கைதட்டு. அதோட முடிஞ்சு போச்சு. மேடையில பெரியவங்களும் இதத்தான் பேசுறாங்க, உங்கள்லயே சில பேரு பேசி நான் கேட்டிருக்கேன்.

ஜானகி அம்மா பொறந்தது 1925 பிப்ரவரி 25, இதே கோலாலம்பூர்ல. படையில சேரும்போது 18 வயசு. போனது 2014 மே 9, அப்ப 89. நடுவுல இருக்கிற எழுபது வருசத்த நம்ம என்ன பண்ணோம்?

சரி, படையப் பத்தி பேசுறதா இருந்தாலும் முழுசா பேசுவோமே. நேதாஜியோட இந்திய தேசிய ராணுவத்துல பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படைக்கு முகாம் சிங்கப்பூர்ல தொறந்தது 1943 அக்டோபர் 22. அதுக்கு அஞ்சு நாள் முன்னாடி, அக்டோபர் 17, சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல ஜப்பான்காரன் போட வச்ச சயாம் ரயில் பாதையோட ரெண்டு பக்க தண்டவாளமும் வந்து ஒண்ணா சேருது. 415 கிலோமீட்டர், அதுல நம்ம தோட்டத்து சனங்க ஆயிரமாயிரமா செத்தாங்க, காலரா, மலேரியா, பட்டினி, ஜப்பான்காரன் அடி. அந்த ஜப்பான்காரன் பக்கம் நின்னுதான் நேதாஜி படை சண்டைக்கு போச்சு. இதச் சொன்னா நம்ம ஆளுங்களுக்கு சங்கடமா போயிடும், மைக்க வாங்கிடுவாங்க. ஆனா பாருங்க, 1944ல இந்த பொண்ணுங்கள பர்மாவுக்கு கூட்டிட்டுப் போனதே அந்த பாதையிலதான். பால்மரம் வெட்டுற வீட்டுல இருந்து வந்த பிள்ளைங்க அந்தப் படையில நிறைய பேரு, அவங்க அண்ணனோ மாமனோ போட்ட தண்டவாளத்து மேல ரயில்ல உக்காந்து போயிருக்காங்க. அந்த வயசுல என்ன நெனச்சிருப்பாங்கன்னு எழுதச் சொன்னா ஒரு பிள்ளை நல்லா எழுதும், ஆனா போட்டிக்கு அப்பிடி தலைப்பு கொடுக்க மாட்டாங்க.

ஜானகி அம்மா தோட்டத்து வீட்டு பிள்ளை கெடையாது, வசதியான குடும்பம். அப்பா சுத்தமா ஒத்துக்கல, படைத் தலைவி கேப்டன் லட்சுமி வீட்டுக்கே வந்து பேசினதுக்கு அப்பறம்தான் மனசு எறங்கினாரு. முகாம் சாப்பாடு தொண்டையில எறங்க கஷ்டப்பட்ட பொண்ணு, கொஞ்ச நாள்ல பர்மாவுக்குப் போன பெண்கள் படைக்கே துணைத் தளபதி. துப்பாக்கிப் பயிற்சி எல்லாம் இருந்துச்சு, ஆனா அங்க போயி அந்தப் பொண்ணுங்க பெரும்பாலும் செஞ்சது காயம்பட்டவன் புண்ண கழுவுற வேலை, மேமியோ ஆஸ்பத்திரியில. போர்னா அதுவும்தான். மேடையில மட்டும் எப்பவும் கையில துப்பாக்கி.

1945 ஏப்ரல் 24, ரங்கூன விட்டு கெளம்புறாங்க. பொண்ணுங்கள அனுப்பாம நான் மொதல்ல போக மாட்டேன்னு நேதாஜி நின்னது எல்லாருக்கும் தெரியும். பகல்ல மேல பிளேன் சுத்தும், மறைஞ்சு கெடக்கணும், ராத்திரியிலதான் நகரணும், சித்தாங் ஆத்த தாண்டணும், லாரி போனதுக்கு அப்பறம் நடை, கால் கொப்புளம் கொப்புளமா மவுல்மேன் வரைக்கும், அப்பறம் பாங்காக். அத்தனை பேரையும் பாத்துக்கிட்டு வந்த ஜானகிக்கு அப்ப வயசு 20. இன்னொரு பக்கம் ரயில்ல திரும்பின கூட்டத்துல ரெண்டு பொண்ணுங்க சுடப்பட்டு செத்தாங்க, ஸ்டெல்லா, ஜோசஃபின். இந்த ரெண்டு பேரு எந்த பேச்சுப்போட்டியிலயும் வந்ததே இல்ல, அத தனியா ஒரு மடலா எழுதணும்.

நான் சொல்ல வந்தது இதுக்கு அப்பறம் நடந்தது. சண்டை தோத்து, தலைவன் இல்லாம, ஊரு திரும்பின ஒரு பொண்ணு வீட்டுக்குள்ள போயி கதவ சாத்திக்கிட்டிருக்கலாம், யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. அவங்க இந்தியாவுல இருந்து காங்கிரஸ் அனுப்பின மருத்துவக் குழுவோட சேந்துட்டாங்க. 1946ல தோட்டத்து லயம் எப்பிடி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க, ஆம்பளைங்க நிறைய பேரு சயாம்ல இருந்து வரல, மருந்து இல்ல, அரிசி இல்ல. பர்மாவுல பாத்த அதே புண்ணு, அதே பசி, ஆனா யூனிஃபார்ம் இல்லாம. அதே வருசம் ஆகஸ்ட்ல ஜான் திவி தலைமையில ம.இ.கா., மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சி, தொடங்கினப்ப கூட நின்னவங்கள்ல இவங்களும் ஒருத்தர். 21 வயசு! நம்ம கட்சிகள்ல 21 வயசு பொண்ணுக்கு இன்னைக்கு என்ன வேலை கொடுக்குறோம்னு நீங்களே சொல்லுங்க, பூச்செண்டு கொடுக்க நிக்க வைப்போம்.

கூட இருந்தவங்க எல்லாரும் அரசியலுக்கு வரல. ஈப்போ பக்கத்துல இருந்து அதே படைக்குப் போன ராசம்மா பூபாலன் டீச்சராகி, 1960ல பெண் ஆசிரியர்களுக்குன்னு யூனியன் தொடங்கி, ஆம்பள டீச்சருக்கு கொடுக்கிற அதே சம்பளம் எங்களுக்கும் குடுன்னு சண்டை போட்டாங்க. ஜானகி அம்மா வழி நாடாளுமன்றத்துக்கு போச்சு, 1980ல இருந்து 1986 வரைக்கும் செனட்டர். மூணு வருசம் ஒரு தவணை, ரெண்டு தவணைக்கு மேல கிடையாதுங்கிற சட்டம் உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியும், ஆக இருக்க முடிஞ்ச காலம் முழுசும் இருந்திருக்காங்க. உள்ள போகும்போது வயசு 55.

இப்ப நான் ஒரு விசயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அவங்க வீட்டுக்காரர் ஆதி நாகப்பனும் செனட்டர்தான், அமைச்சரா இருந்தவரு, 1976ல காலமானாரு. ஊராட்சி மன்றங்கள விசாரிக்க போட்ட அரச ஆணையத்துக்கு அவர்தான் தலைவர், 1968 அறிக்கை, உள்ளாட்சி தேர்தல் தொடரணும்னு அதுல பரிந்துரை பண்ணியிருந்தாங்க, அரசாங்கம் ஏத்துக்கல, 1976 உள்ளாட்சி சட்டத்தோட கதை முடிஞ்சது. ஆனா இன்னைக்கும் டத்தோ பண்டார, அதாவது மேயர, தேர்ந்தெடுக்கிற உரிமை எங்களுக்கு வேணும்னு யாராவது பேச ஆரம்பிச்சா மொதல்ல எடுக்கிறது நாகப்பன் ரிப்போர்ட்டத்தான். தாமான் துன் டாக்டர் இஸ்மாயில்ல அவர் பேர்ல ஜாலான் இருக்கு, கார் பார்க்கிங் தேடி நானே நாலு ரவுண்டு சுத்தியிருக்கேன். மனுசனோட வார்த்தை நிக்கிது, ஏன்னா அது அறிக்கையா, புத்தகமா, கையில எடுக்கிற மாதிரி இருக்கு. அந்தம்மாவோட வார்த்தை? ஆறு வருசம் மேலவையில உக்காந்தவங்க, அவங்க பேச்சு ஹன்சார்டுங்கிற நாடாளுமன்ற பேச்சுப் பதிவுக்குள்ள, மலாய்ல, ஸ்கேன் பண்ண பழைய பக்கங்களா கெடக்கு. நாடாளுமன்ற வெப்சைட்டுல யார் வேணும்னாலும் தொறக்கலாம்தான், ஆனா பன்னிரண்டு வயசு பிள்ளை, அதுவும் பேச்சுப்போட்டிக்கு முந்தின நாள், அதுக்குள்ள போயி தேடுமா?

அதனாலதான் உங்கள கேக்குறேன். 2000ல இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்துச்சு, சந்தோசம். கோலாலம்பூர்ல இருக்கிற இந்திய கலாச்சார மையத்துக்கு 2015ல நேதாஜி பேரு வச்சாங்க, அதுவும் சந்தோசம். ஆனா ஒரு மலேசிய செனட்டர நினைவு வச்சுக்க வேண்டியது மலேசிய செனட்டோட வேலை, டெல்லியோட வேலை இல்ல. சிலை கேக்கல, ரோடு பேரு கூட கேக்கல, ரிப்பன் வெட்டுற எதையும் கேக்கல. 1980ல இருந்து 1986 வரைக்கும் அவங்க மேலவையில பேசினது, கேள்வி கேட்டது, எல்லாத்தையும் ஹன்சார்டுல இருந்து தேதியோட பிரிச்செடுத்து, தமிழ்ல மொழிபெயர்த்து, மலாய் மூலத்தையும் எதிர்ப்பக்கத்துல வச்சு, ஒரு மெல்லிசான புத்தகமா போடுங்க. நல்ல பேச்சு மட்டும் பொறுக்கிப் போட வேணாம். கட்சிக்காக பேசினது, இன்னைக்கு நமக்கு ஒத்துவராதது, சும்மா நன்றி சொன்னது, எல்லாமே வேணும், அப்பதான் அவங்க ஒரு ஆளா தெரிவாங்க.

உங்கள்ல ஒருத்தரோட ஆபீஸ்ல இருக்கிற ஒரு ரிசர்ச் பையனுக்கு கொஞ்ச மாச வேலை. நாடாளுமன்ற நூலகத்துக்குள்ள நீங்க கேட்டா கெடைக்கும், நான் கேட்டா பாரம் நிரப்பச் சொல்லுவாங்க. அச்சுச் செலவுக்கு மானியம் கேட்டு ஒரு வருசம் ஓட்ட வேணாம், பிடிஎஃப் போதும், தமிழ்ப்பள்ளி டீச்சர்மார் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு நாள்ல நாடு பூரா போயிடும். தமிழ்ல டைப் பண்ணவும் பிழை பாக்கவும் செந்தூல்ல நானே ஆள் சேத்துத் தர்றேன், சம்பளம் வேணாம், தே தாரே வாங்கிக் கொடுத்தா போதும்.

யாரு எடுத்துச் செய்யிறீங்கன்னு அடுத்த கூட்டத்தொடருக்குள்ள சொல்லுங்க. யாரும் சொல்லலன்னா நாங்களே வெப்சைட்டுல ஒக்காந்து ஒவ்வொரு பக்கமா எறக்க ஆரம்பிச்சிடுவோம், அப்ப முன்னுரை எழுத எந்த ஒய்.பி.யும் வந்து நிக்கக் கூடாது.

இப்படிக்கு,
செந்தூல் வாக்காளர் ஒருத்தன்