ஞாயிறு கோல்ஃப் போட்டிக்கு முன் கொஞ்சம் விதி

நண்பர்களே, போன முறை ஒரே குழியில் வாக்குவாதத்திலேயே கால் மணி நேரம் போனது. இந்த முறை அது வேண்டாம்.

ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) விதி குழப்பினால், இரண்டு பந்துகளை ஆடி அந்தக் குழியை முடிக்கலாம். அடுத்த அடிக்கு முன்பே அதை முடிவு செய்து, எந்தப் பந்தின் கணக்கு வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். ஸ்கோர் கார்டு கொடுக்கும் முன், நடந்ததைப் போட்டிக் கமிட்டியிடம் சொல்வது கட்டாயம், இரண்டிலும் ஒரே எண்ணிக்கை வந்தாலும் சரி. மறந்தால் தகுதி நீக்கம்தான். மேட்ச் பிளேயில் (குழிக்குக் குழி வெற்றி பார்க்கும் ஆட்டம்) இந்த வழி கிடையாது.

பந்தைத் தேட 3 நிமிடம் மட்டும். பழைய 5 நிமிடம் 2019-லேயே போய்விட்டது. தேடும்போது தெரியாமல் கால் பட்டு நகர்ந்தால் தண்டனை இல்லை, இருந்த இடத்தில் திரும்ப வையுங்கள்.

அப்புறம், பந்து தொலைந்திருக்கலாம் என்று தற்காலிகமாக வேறு பந்து அடிக்கும் முன், ‘புரொவிஷனல்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘இன்னொன்னு அடிக்கிறேன்’ போதாது!