ஷாம்பு பாக்கெட்டை யார் எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பப் பெறுவதில் நாடு முன்னேறியிருக்கிறது என்கிறார்கள். சரி, காகிதத்தில் முன்னேற்றம்தான். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, உற்பத்தி நிறுவனங்கள் தாங்கள் சந்தையில் விட்ட உறைகளில் திரும்பப் பெறவேண்டிய இலக்கு 2021-22இல் 25 சதவீதம், அடுத்த ஆண்டு 70, 2023-24 முதல் முழு 100.

பாம்பன் பக்கம் கரைவலை இழுக்கும்போது வந்து பாருங்கள். வலையின் மடியில் கொஞ்சம் சூடை, காரல் மீன். அப்புறம் சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட். போன வாரம் என் அண்ணன் வலையிலிருந்து பிய்த்தெடுத்த பிஸ்கட் உறையில் பாசி படிந்திருந்தது. விலை மட்டும் பளிச்சென்று தெரிந்தது: 5 ரூபாய்.

தண்ணீர் பாட்டிலும் அட்டைப்பெட்டியும் கரையில் தங்குவதில்லை. பழைய இரும்புக்கடையில் போட்டால் காசு, விடியுமுன் பொறுக்கிவிடுகிறார்கள். பளபளப்பு உறையைத்தான் யாரும் சீண்டுவதில்லை. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மூட்டை கட்டிக் கொண்டுபோனாலும் கடைக்காரர், "இது வேண்டாம்மா" என்று கையை ஆட்டிவிடுகிறார்.

நிறுவனங்களோ வேறெங்கோ சேகரித்ததைக் கணக்கில் காட்டலாம். இலக்கில் குறைந்தால், வேறொருவர் மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், அதற்கும் விதியில் இடமுண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளப்பாறையில் சிக்கிக் கிடப்பது யார் கணக்கு?

மண்டபம், பாம்பன், கீழக்கரை மீன் இறங்குதளங்களில் இந்த உறைகளை எடைபோட்டு வாங்கத் தளத்துக்கொரு இடம் வையுங்கள். செலவு அந்த நிறுவனங்களுடையதாக இருக்கட்டும். கிலோவுக்குச் சில ரூபாய் கிடைத்தாலே, வலையில் வந்ததை யாரும் திரும்பக் கடலில் உதறமாட்டார்கள்.

ஒரு வாசகி,
பாம்பன்