பரண்மேல் ஆடு, தொட்டியடியில் புழு

அன்புள்ள மாப்ளே,

பத்து ஆட்டின் புழுக்கையைச் சோதிக்க அனுப்பியும் பத்து நாளாகப் பதிலே இல்லை என்று திட்டியிருந்தாய். வாங்கிக்கொள்கிறேன். ஆனால் முட்டையை மட்டும் பார்த்து இன்ன புழு என்று சொல்ல முடியாதடா, பல உருண்டைப் புழுக்களின் முட்டை ஒரே அச்சு. புழுக்கையை ஈரம் காயாமல் ஏழு நாள் வைத்து, இளம்புழு வந்த பிறகுதான் தெரியும். வந்தது ஹீமோன்கஸ். ரத்தம் குடிக்கிற ஜாதி. தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குவதும், இமையின் உள்பக்கம் வெளுத்திருப்பதும் இதனால்தான்.

2 கிராம் புழுக்கை, 28 மில்லி உப்புக்கரைசல், எண்ணும் கண்ணாடியின் இரண்டு கட்டத்திலும் சேர்த்து 64 முட்டை. 50-ஆல் பெருக்கினால் கிராமுக்கு 3,200. ஆடுகளைத் தரைக்கு மேலே நிறுத்தப் பரண் போட்டாச்சு, இனிப் புழுவே அண்டாது என்று கல்யாண வீட்டில் முழங்கினாயே! நெட்டையனுக்கு இன்னும் சொல்லவில்லை, பயப்படாதே.

பரணைக் குறை சொல்லமாட்டேன். நீ அனுப்பிய படத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பார். மிதவை வால்வு ஒழுகி, சுற்றி நாலு அடிக்குச் சேறு. காய்ந்த களத்தில் பச்சையாக இருப்பது அங்கே முளைத்த அருகம்புல் மட்டும்தான். சாயங்காலம் இறக்கிவிடும் குட்டிகள் அங்கேயே புழுக்கை போட்டு, அங்கேயே மேய்கின்றன. ஒரு பெண்புழு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல் முட்டையிடும். நம் வெயிலில் ஈரம் மட்டும் இருந்தால் ஒரு வாரத்தில் ஆட்டைத் தொற்றும் இளம்புழு தயார். அது பனித்துளி ஈரத்தில் நீந்தித்தான் புல்லில் ஏறும், ஏறினாலும் அடியிலேயே நிற்கும். குட்டி மேய்கிற உயரமும் அதுதான்.

இரண்டாவது, கொட்டகை கழுவுகிற தண்ணீர். அதை நேப்பியர் தீவனப்புல்லுக்குத் திருப்பியிருக்கிறாய். தொற்றும் பருவத்தில் இளம்புழுவுக்குப் பழைய தோல் உறையாக மூடியிருக்கும், எதுவும் தின்ன முடியாது. சேமிப்புக் கரைந்ததும் சாகும். நம் சூட்டில் நாலிலிருந்து ஆறு வாரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆக 45 நாளுக்கு ஒருமுறை நீ புல் அறுப்பதே பாதி வைத்தியம். தினமும் புது முட்டையைப் பாய்ச்சி நீயே அதைக் கெடுக்கிறாய். வாய்க்கால் ஓரத்து இளம்புல்லைக் குட்டிகளுக்குப் போடாதே. மற்றதைப் பனி காய்ந்தபின் அறு.

பரணடிப் புழுக்கையைப் பச்சையாக வயலில் கொட்டாதே. காய்ந்த புழுக்கை சூடேறாது. தண்ணீர் தெளித்து, கையில் பிழிந்தால் சொட்டுச் சொட்டாமல் கசிகிற பதத்தில் நாலடி உயரம் குவி. உள்ளே 55 டிகிரி தொடவேண்டும். வெளித்தோல் சூடேறாது, அதனால் மூன்று நாளுக்கு ஒருமுறை புரட்டி வெளியே இருப்பதை உள்ளே தள்ளு. பதினைந்து நாளில் ஐந்து புரட்டல். சுண்ணாம்புத் தூளை நம்பாதே, களம் வெள்ளையாகும், அவ்வளவுதான்.

புழுமருந்து விஷயத்தில்தான் எனக்குக் கோபம். ஆடு 20 கிலோ என்று கண்மதிப்பில் ஊற்றியிருக்கிறாய். 28 கிலோ ஆட்டுக்கு அது குறைமருந்து, பிழைக்கிற புழு மருந்துக்கு மசியாத வம்சத்தைப் பெருக்கும். தராசில் நிறுத்து, அந்த எடைக்கு உங்கள் ஊர் டாக்டரிடம் அளவு கேட்டு ஊற்று. பதினாலாம் நாள் அதே பத்து ஆட்டின் புழுக்கையைத் தனித்தனிப் பொட்டலமாக, ஐஸ் வைத்து அனுப்பு. முட்டை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காவது குறையாவிட்டால் மருந்தையே மாற்றவேண்டும்.

அத்தைக்கு மூட்டுவலி எப்படி? மிதவை வால்வை நாளைக்கே மாற்று.

உன்,
குண்டு